ரூட்டர் தன் மேக் முகவரியை மறந்துவிட்டால்: ஃபிளாஷ் நினைவகத்தில் கைவைத்தபின் வரும் கோளாறுகளும் மீட்கும் வழிகளும்

பழைய ரூட்டருக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த மூல மென்பொருளை ஏற்றுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வம்பும் வருவதில்லை. வழக்கமான முறையில் மென்பொருளை மாற்றும்போது, ரூட்டரின் நிலையான நினைவகமான ஃபிளாஷ் சில்லில் மென்பொருளுக்கென ஒதுக்கிய இடம் மட்டுமே அழிந்து எழுதப்படுகிறது. வம்பு தொடங்குவது அதற்கு அடுத்த படியில். மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி ரூட்டரை எழுப்பும் துவக்க நிரலை மாற்றுகிறோம். 4 எம்பி சில்லைக் கழற்றிவிட்டு 16 எம்பி சில்லைப் பற்றவைக்கிறோம். யாரோ இணையத்தில் போட்டுவைத்த முழு ஃபிளாஷ் நகலை அப்படியே எழுதிவிடுகிறோம். ரூட்டர் எழுந்துவிடும், விளக்குகள் எரியும், அமைப்புப் பக்கமும் திறக்கும். ஆனால் அது எந்த ரூட்டர் என்பது அதற்கே தெரியாமல் போயிருக்கும்.

ரூட்டரின் அடையாளம் என்று சொல்வதில் இரண்டு வேறு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று பெயர்: மேக் முகவரி (வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் ஆறு பைட் எண்), மாடல் எண், டபிள்யூபிஎஸ் பின் எண் (கடவுச்சொல் இல்லாமல் வைஃபையில் இணைய உதவும் எண்). இன்னொன்று அளவீடு: அந்த ஒரு பலகையில் உள்ள வானொலிச் சுற்றைத் தொழிற்சாலையில் கருவி வைத்து அளந்து எழுதிய திருத்த எண்கள். பெயரை அடியில் ஒட்டிய லேபிளைப் பார்த்துத் திரும்ப எழுதிவிடலாம். அளவீட்டை எந்த மென்பொருளாலும் மறுபடி உண்டாக்க முடியாது. நகல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும், தொலைந்தது பெயரா அளவீடா என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும்.

எங்கே இருக்கிறது?

ஏதெரோஸ், குவால்காம் சில்லுகள் கொண்ட பழைய ரூட்டர்களில் அளவீடு ஃபிளாஷின் கடைசி 64 கேபி பகுதியில் இருக்கும். அதன் பெயர் ஏஆர்டி. 4 எம்பி சில்லில் இது 41,28,768 ஆம் பைட்டில் தொடங்கும்; 8 எம்பி சில்லில் 83,23,072 இல்; 16 எம்பி சில்லில் 1,67,11,680 இல். அந்தப் பகுதிக்குள் 4096 பைட் தள்ளி வைஃபை அளவீடு தொடங்குவது வழக்கம்.

டிபி-லிங்கின் அந்தக் காலத்து மாடல்களில் பெயர் வேறிடத்தில் இருக்கிறது. துவக்க நிரலுக்கென உள்ள முதல் 128 கேபி பகுதியின் வால்புறத்தைப் பாருங்கள். அதன் முடிவிலிருந்து 1024 பைட் முன்னால் மேக் முகவரி, 768 பைட் முன்னால் மாடல் எண், 512 பைட் முன்னால் பின் எண். துவக்க நிரலை மட்டும் மாற்றியவர்களின் ரூட்டர் வைஃபை நன்றாக எட்டியும் பெயரில்லாமல் திரிவதற்கு இந்த அமைப்பே காரணம்.

மீடியாடெக் சில்லுகளில் இரண்டும் ஒரே கூரையின் கீழ். துவக்க நிரலுக்கு 192 கேபி, அதன் அமைப்புகளுக்கு 64 கேபி, அதற்கு அடுத்த 64 கேபி ஃபேக்டரி என்னும் பகுதி. பெரும்பாலான 7620, 7621, 7628 பலகைகளில் இதுவே வரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவீடு ஃபேக்டரி பகுதியின் தொடக்கத்திலேயே இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வானொலி தனியாக இருந்தால் அதன் அளவீடு 32,768 பைட் தள்ளி. கம்பி வழி முகவரியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபாடு உண்டு. 40 ஆம் பைட், 57,344 ஆம் பைட் இரண்டும் அடிக்கடி தென்படும் இடங்கள்.

எதையும் எழுதுவதற்கு முன்

இப்போதுள்ள நிலையை அப்படியே படித்து நகலெடுங்கள். கெட்டுப்போனதுதானே, அதை எதற்கு எடுப்பது என்று தோன்றும். பாதி கெட்டதில் மீதிப் பாதி இருக்கும். அதைத் திருத்துவதாக நினைத்து எழுதும்போதுதான் பலர் முழுவதையும் இழக்கிறார்கள்.

ரூட்டருக்குள் எஸ்எஸ்ஹெச் (கணினியிலிருந்து கட்டளை தரும் முறை) வழியாக நுழைய முடிந்தால் வேலை சுலபம். ப்ராக் கோப்பகத்தில் எம்டிடி என்னும் கோப்பைத் திறந்தால் ஃபிளாஷ் எத்தனை பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றின் பெயர் என்ன, அளவு என்ன என்பது வரிசையாக வரும். ஒவ்வொரு பகுதியையும் டிடி கட்டளையால் தற்காலிகக் கோப்பகத்தில் கோப்பாக எடுத்து, கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தற்காலிகக் கோப்பகம் ரேமில் இருப்பதால், 32 எம்பி ரேம் கொண்ட பழைய பெட்டிகளில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்க முயலக்கூடாது; ஒன்றை எடுத்து, மாற்றி, அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும்.

உள்ளே நுழைய முடியாவிட்டால் சில்லை நேரடியாகப் படிக்க வேண்டும். சிஹெச்341ஏ என்னும், சில்லைப் படித்து எழுதும் மலிவான புரோகிராமர் கருவியும் எட்டுக் கால் கிளிப்பும் போதும். ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவியின் கறுப்புப் பலகையில் சில்லுக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட் என்றாலும், தரவுக் கால்களில் 5 வோல்ட் வருவது ஊரறிந்த குறை. மல்டிமீட்டரால் அளந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள். சில்லின் மேல் உள்ள எண்ணையும் படியுங்கள்: டபிள்யூ25க்யூ64 என்றால் 8 எம்பி, 128 என்றால் 16 எம்பி, 32 என்றால் 4 எம்பி. எண்ணின் ஈற்றில் எஃப்டபிள்யூ என்றிருந்தால் அது 1.8 வோல்ட் சில்லு; நேரடியாக மாட்டினால் போச்சு.

பலகையிலிருந்து கழற்றாமல் கிளிப்பை மாட்டிப் படிக்கும்போது, புரோகிராமர் தரும் மின்சாரம் ரூட்டரின் செயலிக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். அது அரைத் தூக்கத்தில் விழித்து அதே ஃபிளாஷைப் படிக்கப் பார்க்கும். நமக்குக் கிடைக்கும் நகலில் குப்பை கலக்கும். ஆகவே ஒரு முறை படித்ததை நம்பாதீர்கள். மறுபடியும் படித்து, இரண்டு கோப்பின் ஷா256 கூட்டுத்தொகையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒன்றாக வந்தால்தான் அதை நகல் என்று சொல்லலாம்.

நகலை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். ஏதெரோஸ் 9300 வரிசை வானொலி என்றால், ஏஆர்டி பகுதியில் 4096 ஆம் பைட்டில் 02 02 என்று தொடங்க வேண்டும். அதைத் தொடர்ந்து வரும் ஆறு பைட்டுகள் மேக் முகவரி. மீடியாடெக் 7628 என்றால் ஃபேக்டரி பகுதியின் முதல் இரண்டு பைட் 28 76. அதாவது சில்லின் எண்ணே, பைட்டுகள் இடம் மாறி. 7603 என்றால் 03 76. இந்தத் தலைப்பு சரியாக இருந்து, அதன் பின்னால் எண்கள் கலவையாக நிறைந்திருந்தால் அளவீடு இருக்கிறது என்று தெம்பாக இருக்கலாம். முழுப் பகுதியும் எஃப்எஃப் என்றே இருந்தால் அழிந்துவிட்டது. ஃபிளாஷில் அழிப்பது என்றால் எல்லா பிட்டையும் ஒன்றாக்குவது. எஃப்எஃப் என்பது வெற்றுத்தாள்.

அறிகுறி: கம்பி வழி இணையம் ஓடுகிறது, வைஃபை என்ற பேச்சே இல்லை

அமைப்புப் பக்கத்தில் வைஃபைக்கான பகுதியே காணோம். கெர்னல் பதிவைப் பார்த்தால், வானொலியின் டிரைவர் ஈஈபிராம் தரவு, அதாவது அளவீடு, சரியில்லை என்று முறையிட்டுவிட்டு விலகியிருக்கும். அளவீடு இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுத்தாளோ வேறு சரக்கோ இருக்கிறது என்று பொருள்.

உடனே நகல் தேடி ஓடவேண்டாம். சில்லை மாற்றியவர் என்றால், உங்கள் அளவீடு பெரும்பாலும் அழிந்திருக்காது. இடம் மாறி இருக்கும். 4 எம்பி நகலை 16 எம்பி சில்லின் தொடக்கத்திலிருந்து எழுதினால் ஏஆர்டி பகுதி பழையபடியே 41,28,768 ஆம் பைட்டில் உட்கார்ந்திருக்கும். 16 எம்பிக்கான மென்பொருளோ அதைச் சில்லின் கடைசி 64 கேபியில் தேடும். நகலில் பழைய இடத்தைப் பாருங்கள். 64 கேபியும் முழுதாக இருந்தால் அதை வெட்டி 1,67,11,680 ஆம் பைட்டில் வையுங்கள், வைஃபை திரும்பிவிடும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. புதிய அமைப்பில் அந்தப் பழைய இடம் மென்பொருளின் எல்லைக்குள் வருகிறது. 16 எம்பி மென்பொருளை ஏற்றிச் சில அமைப்புகளைச் சேமித்த பிறகு, அந்த இடத்தில் கோப்பு முறைமை குடியேறி அளவீட்டை அழித்திருக்கக்கூடும். அப்போது ஒரே நம்பிக்கை கழற்றிப் போட்ட பழைய 4 எம்பி சில்லு. ஆகையால் பழைய சில்லைக் குப்பையில் போடாதீர்கள். சின்னப் பையில் இட்டு, எந்த ரூட்டருடையது என்று எழுதி வையுங்கள். எட்டுக் காலும் ஒடியாமல் இருந்தால் எத்தனை ஆண்டு கழித்தும் படிக்கலாம்.

முழுப் பகுதியும் உண்மையிலேயே அழிந்துவிட்டது, பழைய சில்லும் இல்லை என்றால் இரவல் வாங்குவதுதான் வழி. அதே மாடல், அதே வன்பொருள் பதிப்பு. இதில் சமரசம் கூடாது. டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் என்று ஒரே பெயரில் விற்றவற்றில் எட்டாம் பதிப்பு ஏஆர்9341, ஒன்பதாம் பதிப்பு க்யூசிஏ9533, பதின்மூன்றாம் பதிப்பு மீடியாடெக் 7628. பெட்டியின் பெயரை நம்பி இரவல் வாங்கினால் சில்லே வேறாக இருக்கும். இரவல் வாங்கியதை எழுதும் முன் அதில் உள்ள மேக் முகவரியை உங்கள் லேபிளில் உள்ளதற்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கீழே சொல்லும் இரட்டைப் பிறவிச் சிக்கல் வரும்.

அறிகுறி: முகவரி 00:02:03:04:05:06 என்று காட்டுகிறது

இப்படி அழகாக வரிசை கட்டி நிற்கும் முகவரி யாருடையதும் அல்ல. ஏதெரோஸ் 9300 வரிசைக்கான டிரைவரில் உள்ள மாதிரி அளவீட்டில் எழுதியிருக்கும் முகவரி இது. இதன் உறவினர்கள் வேறு சிலரும் உண்டு. 00:03:7எஃப் என்று தொடங்கினால் ஏதெரோஸின் ஒதுக்கீடு, 00:0சி:43 என்றால் ராலிங்க், 00:90:4சி என்றால் பழைய பிராட்காம் ரூட்டர்களில் வரும் எபிகிராம் ஒதுக்கீடு. லேபிளில் ரூட்டர் தயாரிப்பாளரின் முன்னொட்டும், திரையில் சில்லுத் தயாரிப்பாளரின் முன்னொட்டும் இருந்தால், பலகை தன் பெயரை எங்கிருந்தோ படிக்கத் தவறி மாதிரிப் பெயரை எடுத்துக்கொண்டது என்று அறியலாம்.

டிபி-லிங்கில் ஏஆர்டி பகுதிக்குள்ளேயே இந்த மாதிரி முகவரி இருப்பது சகஜம். அதைக் கண்டு பதறவேண்டாம். உண்மை முகவரியைத் துவக்கப் பகுதியின் வாலிலிருந்து எடுத்து மேலே ஒட்டிக்கொள்வது ஓப்பன்டபிள்யூஆர்டியின் வேலை. ஆகவே இங்கே பார்க்கவேண்டியது ஏஆர்டியை அல்ல, அந்த வாலை. துவக்க நிரலை மாற்றியபோது 128 கேபிக்கும் குறைவான கோப்பை எழுதி மீதியை அழித்துவிட்டிருந்தால், அங்கே ஆறு எஃப்எஃப் நிற்கும். லேபிளைப் பார்த்து ஆறு பைட்டையும் எழுதினால் போதும். நான் பார்த்தவரை, அடையாளம் தொலைந்தது என்று வரும் புகார்களில் மிக எளிதாகத் தீர்வது இதுதான்.

அறிகுறி: அணைத்துப் போடும்போதெல்லாம் முகவரி மாறுகிறது

மீடியாடெக் பலகைகளின் தனி முத்திரை இது. டிரைவர் ஃபேக்டரி பகுதியில் முகவரியைப் படிக்கிறது; அது செல்லாத முகவரி என்று கண்டால், முகவரி சரியில்லை, தற்செயலாக ஒன்றை உருவாக்கிக்கொள்கிறேன் என்று பதிவில் ஒரு வரி எழுதிவிட்டுத் தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடுகிறது. வைஃபை ஓடும். ஆனால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கணினி அதைப் புதிய வலையமைப்பாக எண்ணும். மேக் முகவரியை வைத்து அனுமதி தரும் எதுவும் வேலை செய்யாது.

இப்படி உருவாக்கிய முகவரியைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். முதல் பைட்டின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். உள்ளூரில் வைத்துக்கொண்ட முகவரி, தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்பட்டதல்ல என்பதைக் குறிக்கும் பிட் அங்கே ஒன்றாகியிருக்கிறது. அதே இடத்தில் ஒற்றைப்படை இலக்கம் வந்தால் அது குழு முகவரி; எந்தக் கருவியும் தன் பெயராக வைத்துக்கொள்ளக்கூடாதது. லேபிளைத் தட்டெழுதும்போது ஒரு இலக்கம் பிசகி இப்படி ஆகிவிட்டாலும் டிரைவர் அதை ஏற்காது. எழுதிய பிறகும் முகவரி மாறிக்கொண்டே இருக்கிறது என்பவர்கள் முதலில் இந்த இலக்கத்தைச் சரிபார்க்கவேண்டும்.

முகவரி மட்டும் கெட்டு, தலைப்பில் 28 76 ஒழுங்காக இருந்தால் அளவீடு தப்பிவிட்டது. தொடக்கத்திலிருந்து நான்கு பைட் தள்ளி வரும் ஆறு பைட்டைத் திருத்தினால் முடிந்தது. தலைப்பும் போயிருந்தால் சில டிரைவர்கள் சில்லுக்குள்ளேயே எரித்து வைத்த எஃப்யூஸ் தரவை எடுத்துக்கொண்டு ஒப்பேற்றும். வைஃபை வருகிறதே என்று அதில் ஏமாந்துவிடக்கூடாது.

அறிகுறி: வைஃபை தெரிகிறது, அடுத்த அறையைத் தாண்டவில்லை

அளவீடு வேறொரு பலகையுடையது, அல்லது மாதிரி அளவீடு. இந்தப் பகுதியில் உள்ள எண்கள் எதற்கு என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு சக்தியுடன் அனுப்பினால் ஆன்டெனாவில் உண்மையில் எவ்வளவு வெளிவருகிறது. எந்த ஆன்டெனா இணைப்பு எவ்வளவு விழுங்குகிறது. சூடேறும்போது எவ்வளவு ஈடுகட்டவேண்டும். கடிகாரப் படிகம் சொன்ன அதிர்வெண்ணிலிருந்து எவ்வளவு விலகுகிறது. எல்லாம் அங்கே எண்களாக இருக்கின்றன. ஒருவரின் கண்ணாடியை இன்னொருவர் போட்டுக்கொள்வதைப் போன்றதுதான் இரவல் அளவீடு: சிலருக்கு ஓரளவு பொருந்தும், சிலருக்குத் தலை சுற்றும்.

படிகத்தின் விலகலே மிகத் தொல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் தரநிலை அனுமதிக்கும் விலகல் பத்து லட்சத்தில் 20 பங்கு. 36 ஆம் அலைவரிசையில் அது ஏறத்தாழ 104 கிலோஹெர்ட்ஸ். இரவல் திருத்தம் இதைத் தாண்டிவிட்டால், ஒரு போன் நன்றாக இணையும், இன்னொன்று வலையமைப்பைப் பார்த்தும் இணையாது, மூன்றாவது இணைந்தும் நத்தையாக ஊரும். ரூட்டர் சூடானபின் மட்டும் துண்டிக்கிறது என்பதும் இந்த வகைதான்.

இதற்கு முழுத் தீர்வு உங்கள் சொந்த நகல் மட்டுமே. அது இல்லாதபோது, அதே பதிப்பின் வேறு ஓரிரண்டு பலகைகளிலிருந்து அளவீடு கிடைத்தால் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரே இடத்தில் ஒரே போனை வைத்துச் சைகையின் வலிமையையும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அனுப்பும் சக்தியைக் கையால் கூட்டிச் சரிசெய்யலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். அளவீடு பொய்யாக இருக்கும்போது அமைப்பில் 20 டிபிஎம் என்று காட்டும் எண்ணும் பொய். ஆம்பிளிஃபையர் திணறி அலை உருக்குலையும், எட்டுவது இன்னும் குறையும், அனுமதித்த வரம்பையும் மீறக்கூடும். ஓரளவுக்கு மேல் சரியாகவில்லை என்றால் அந்தப் பெட்டியைக் கம்பி வழி ஸ்விட்சாக வைத்துக்கொண்டு வைஃபைக்கு வேறு பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அறிகுறி: இரண்டு ரூட்டர்களையும் போட்டால் இரண்டும் படுத்துகின்றன

ஒரே நகலை இரண்டு பெட்டிகளில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே மேக் முகவரியுடன் ஒரே வலையமைப்பில் நிற்கின்றன. ஸ்விட்ச் அந்த முகவரியை ஒரு நொடி இந்தப் போர்ட்டிலும் அடுத்த நொடி அந்தப் போர்ட்டிலும் கற்றுக்கொள்கிறது. பொதிகள் பாதி இங்கே, பாதி அங்கே. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் குறையில்லாமல் ஓடும். பலர் இதைக் கேபிள் கோளாறு என்று நினைத்துக் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இணையத்திலிருந்து இறக்கிய முழு நகலை எழுதியவருக்கு வீட்டில் ஒரே ரூட்டர் இருந்தாலும் வேடிக்கையான ஒரு விளைவு வரலாம். வீட்டுக்குள் ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காதபோது, சுற்றியுள்ள வைஃபை ரூட்டர்களின் மேக் முகவரிகளை வைத்தே போன்கள் இருப்பிடத்தை ஊகிக்கின்றன. அந்த நகலுக்குச் சொந்தமான பெட்டி வேறொரு நாட்டில் பதிவாகியிருந்தால், உங்கள் வரைபடச் செயலி திடீரென்று உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம். போனின் ஜிபிஎஸ் மீது பழியைப் போட்டுவிட்டு அதைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன், ரூட்டரின் முகவரியையும் லேபிளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தீர்வு இரண்டிலும் ஒன்றே. லேபிளில் உள்ள முகவரியை எழுதவேண்டும். பெரும்பாலும் லேபிளில் இருப்பது லேன் (வீட்டுப் பக்க) முகவரி. வான் (இணையப் பக்க) முகவரி அதோடு ஒன்று கூட்டியது. இது பதினாறடிமான எண் என்பதை நினைவில் வையுங்கள்: கடைசி இலக்கம் 9 என்றால் அடுத்தது 10 அல்ல, ஏ. லேபிள் கிழிந்துவிட்டதா? ரூட்டர் வந்த அட்டைப் பெட்டியில் இன்னொன்று ஒட்டியிருக்கும். அதுவும் இல்லையென்றால் பழைய அமைப்பு நகல்கள், வைஃபை அலசும் செயலியில் எடுத்த பழைய திரைப்பிடிப்புகள், இணைய நிறுவனத்தின் கணக்கில் பதிவான முகவரி என்று தேடலாம்.

அறிகுறி: வான் போர்ட்டில் ஐபி வரவில்லை

பல கேபிள் இணைய நிறுவனங்கள் முதன்முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியைக் கணக்கோடு கட்டிவிடுகின்றன. பெயர் மாறிய ரூட்டரை அவர்களுடைய கணினிக்குத் தெரியாது. அவசரத்துக்கு, வான் இடைமுகத்தின் அமைப்பில் பழைய முகவரியைத் தட்டெழுதிச் சேமித்தால் அன்றைய வேலை நடக்கும். ஆனால் ரீசெட் பொத்தானை அழுத்தினால் இது போய்விடும். வைஃபையின் முகவரியையும் இது தொடாது.

அறிகுறி: நிறுவனத்தின் மென்பொருளுக்குத் திரும்ப மறுக்கிறது

கோப்பு சரியானதுதான், ஆனால் வன்பொருள் பொருந்தவில்லை என்று பிழை வருகிறது. டிபி-லிங்க் என்றால் மேலே சொன்ன மாடல் எண் இருக்கவேண்டிய எட்டு பைட்டைப் பாருங்கள். ஒன்பதாம் பதிப்பு 841என் பலகையில் அங்கே 08 41 00 09 00 00 00 01 என்று இருக்கும். மாடலும் பதிப்பும் பச்சையாகவே தெரிகின்றன. எட்டாம் பதிப்பின் துவக்கப் பகுதியை ஒன்பதாம் பதிப்பில் எழுதியிருந்தால் நான்காவது பைட் 08 என்று நிற்கும். எண்ணைத் திருத்தினால் போதும் என்று அவசரப்படவேண்டாம்: அந்த எண் தவறாக இருந்தால், அதோடு வந்த துவக்க நிரலும் வேறு பதிப்புக்கானதாக இருக்கலாம். முதலில் சரியான துவக்கப் பகுதி, பிறகு அதன் வாலில் உங்கள் முகவரியும் பின் எண்ணும்.

பின் எண் தொலைந்ததைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எட்டு இலக்கம், லேபிளில் இருக்கிறது, எழுதிவிடலாம். டபிள்யூபிஎஸ் பின் முறையையே அணைத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து.

எழுதும் வேலை

ஆறு பைட்டை மாற்ற ஆறு பைட்டை மட்டும் எழுத ஃபிளாஷ் விடாது. எழுதுவது ஒன்றைச் சுழியமாக்க மட்டுமே முடியும். சுழியத்தை ஒன்றாக்க வேண்டுமென்றால் தொகுதி முழுவதையும் அழிக்கவேண்டும், அது பொதுவாக 64 கேபி. எனவே கோப்பில் திருத்தி, பகுதி முழுவதையும் திரும்ப எழுதுவதே முறை. டிபி-லிங்கின் மேக் முகவரி இருக்கும் 64 கேபி தொகுதியில் துவக்க நிரலின் ஒரு பகுதியும் குடியிருக்கலாம் என்பதால், அந்த நேரத்தில் மின்சாரம் போனால் ரூட்டர் எழவே எழாது. யூபிஎஸ் இருந்தால் அதில் மாட்டுங்கள்.

இந்தப் பகுதிகளை ஓப்பன்டபிள்யூஆர்டி படிக்க மட்டும் அனுமதித்துப் பூட்டி வைத்திருக்கும். பூட்டைத் திறக்க எம்டிடி-ஆர்டபிள்யூ என்னும் கெர்னல் தொகுப்பு இருக்கிறது. அதை ஏற்றும்போது, எனக்குச் செங்கல் (அதாவது எழவே எழாத செத்த ரூட்டர்) வேண்டும் என்று பொருள்படும் ஒரு சொல்லை ஆங்கிலத்தில் தட்டெழுதி ஒப்புக்கொண்டால்தான் வேலை செய்யும். எழுதியவருக்கு நகைச்சுவையும் உண்டு, அனுபவமும் உண்டு. உங்கள் கெர்னல் பதிப்புக்கு உரிய தொகுப்பைத்தான் நிறுவவேண்டும், வேறொன்று ஏறாது.

எழுதும் முன் மூன்றைச் சரிபாருங்கள். திருத்திய கோப்பின் அளவு 65,536 ஆகவோ 1,31,072 ஆகவோ, அதாவது அந்தப் பகுதியின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா? ஹெக்ஸ் எடிட்டர் மாற்றி எழுதும் நிலையில் இல்லாமல் நடுவே செருகும் நிலையில் இருந்தால் ஆறு பைட் கூடி, பின்னால் உள்ள எல்லாம் நகர்ந்திருக்கும். இந்த வேலையில் அதிகம் நேரும் சறுக்கல் இது. பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டால் நீங்கள் நினைத்த பைட்டுகளில் மட்டும் வேறுபாடு வருகிறதா? பகுதியின் எண்ணும் பெயரும் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா? மென்பொருளை மாற்றியபின் பகுதிகளின் எண் வரிசை மாறுவது உண்டு. பழைய குறிப்பில் இருந்த எண்ணை அப்படியே போடாதீர்கள்.

எழுதியதும் ரூட்டரை மறுபடி துவக்காதீர்கள். முதலில் அதே பகுதியைப் படித்து, எழுதிய கோப்போடு கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் இப்போது திரும்ப எழுதலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகு புரோகிராமரைத்தான் தேடவேண்டியிருக்கும். பொருந்தினால் துவக்கி, லேன், வான், இரண்டு வைஃபை ஆகிய நான்கு முகவரிகளையும் பாருங்கள். வான் அமைப்பில் முன்பு அவசரத்துக்குத் தட்டெழுதிய முகவரி இருந்தால் நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை ஃபிளாஷிலிருந்து சரியானது வருகிறதா என்பது தெரியாது.

சிம் போடும் ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னது மேக் முகவரிக்கும் வைஃபை அளவீட்டுக்கும் மட்டுமே. ஐஎம்இஐ எண் மோடத்துக்குள் தனியாக இருக்கிறது. இந்தியாவில் அதை மாற்றுவது சட்டப்படி குற்றம். அது தொலைந்துபோயிருந்தால் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குத்தான் கொண்டுபோகவேண்டும்.